‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று மட்டும் அச்சிட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் ஆங்கிலச் சொற்பட்டியலை, என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதற்காக, தவறாமல் கத்தரித்து எங்கள் பயிற்சிக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வருகிறேன். அண்மையில் வந்த பட்டியலில் ‘ரன்’ என்ற சொல்லுக்கு நேராக ‘ஓடு’ என்ற ஒரே ஒரு சொல் அச்சாகியிருந்தது. அதைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அந்தச் சொல்லை நாளை எதிர்கொள்ளப்போகும் இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் பொருள் அவர்களுக்குக் கைகொடுக்காது. சில இடங்களில் ஆபத்திலும் கொண்டுபோய் விடும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்யவைக்கும் இந்த வழக்கத்தைத் தங்கள் நாளிதழும் நம் பள்ளிகளும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓசூரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்குக் கடைசல் வேலையும், கணினிக் கட்டளைப்படி தானே வெட்டும் சி.என்.சி. இயந்திரமும் கற்றுக்கொடுப்பது என் பணி. பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று இரு மாவட்டங்களின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து, ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ தேறியவர்கள், கைவேலையில் கெட்டிக்காரர்கள். இயந்திரத்தின் பேனலில் இருக்கும் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவும் அவர்களுக்குத் தெரியும். படித்த எழுத்து என்ன சொல்கிறது என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சி.என்.சி. இயந்திரத்தின் பேனலில் ‘டிரை ரன்’ என்று ஒரு பொத்தான் உண்டு. புதிதாக எழுதிய புரோகிராமை, வேலைப்பொருளை, அதைப் பிடித்திருக்கும் ‘சக்’ என்ற பாகத்திலிருந்து கழற்றிவிட்டு, வெறுமனே ஓட்டிப் பார்ப்பதற்கான பொத்தான் அது. அதை அழுத்தினால், புரோகிராமில் எந்த வேகம் எழுதியிருந்தாலும் அதை விட்டுவிட்டு, வெட்டும் கருவியான டூல் வேறொரு வேகத்தில் நகர்ந்து தன் பாதையைக் காட்டும். ஒத்திகை என்பதே அதற்குச் சரியான தமிழ். பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் இந்தப் பொத்தானில் கைவைக்கவே மறுத்தான். காரணம் கேட்டபோது, “டிரை ரன் போட்டா மோட்டார் காயில் போயிடும் சார், எங்கப்பா சொல்லியிருக்காரு” என்றான். அவன் சொன்னது முற்றிலும் உண்மை; ஆனால் அது போர்வெல் மோட்டாருக்கு உரிய உண்மை. நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்ட நம் பகுதியில் ‘டிரை ரன்’ என்ற சொல்லை விவசாயிகள் அனைவரும் அறிவார்கள். நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் தாம் மூழ்கியிருக்கும் தண்ணீராலேயே குளிர்கின்றன. தண்ணீர் இறங்கியபின்னும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் சூடேறிப் பழுதாகும். அதனால்தான் ஸ்டார்ட்டர் பெட்டியில், மோட்டார் இழுக்கும் மின்சாரம் திடீரெனக் குறைந்தால் நிறுத்திவிடும் ‘டிரை ரன்’ பாதுகாப்பு வைக்கிறார்கள். அப்பாவின் கிணற்றடியில் அழிவைக் குறித்த தொடர், மகனின் இயந்திரத்தில் பாதுகாப்பைக் குறிக்கிறது.

இன்னொரு பையன் அகராதியைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவன். ‘டிரை’ என்றால் உலர்ந்த, ‘ரன்’ என்றால் ஓடு, ஆகவே சூடு தணிக்கும் திரவமான கூலன்ட் ஊற்றாமல் வெட்டுவதற்கான பொத்தான் இது என்று அவன் முடிவுசெய்தான். இரண்டு பொருள்களும் அகராதியில் இருப்பவைதாம். வேலைப்பொருளைச் சக்கிலேயே விட்டுவிட்டு அவன் பொத்தானை அழுத்த, டூல் வெட்டும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்து மோதியது. டூலின் வெட்டுமுனையான இன்சர்ட் நொறுங்கியது, ‘ஜாப்’ என்று நாங்கள் சொல்லும் வேலைப்பொருள் வீணானது. பக்கத்தில் இருந்தவர் எமர்ஜென்சி பொத்தானைத் தட்டியதால் அதோடு போயிற்று. அந்தப் பையனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் எப்படிக் கற்பித்தார்களோ அப்படியே அவன் செய்தான்.

இதே தொடர் மூன்றாவது வேடத்தில் 2021 ஜனவரி 2 அன்று நாட்டின் எல்லா வீடுகளுக்கும் வந்தது. கொரோனா தடுப்பூசியை மக்களுக்குப் போடுவதற்கு முன், மருந்து இல்லாமல் மற்ற ஏற்பாடுகளை எல்லாம் செய்து பார்த்த அந்த நிகழ்வை ஆங்கிலத்தில் ‘டிரை ரன்’ என்றே அறிவித்தார்கள். தமிழ் நாளிதழ்கள் அதைத் ‘தடுப்பூசி ஒத்திகை’ என்று எழுதின. அந்த நேரத்தில் செய்தி ஆசிரியர்கள் யாரும் ‘உலர் ஓட்டம்’ என்று எழுதவில்லை, ஏனெனில் அவர்கள் தொடரை முழுதாகப் பார்த்தார்கள். மாணவர் பக்கத்திலும் அதே கவனத்தைத்தான் கேட்கிறேன்.

‘ரன் அவுட்’ என்ற தொடரின் கதையும் இதைப் போன்றதே. கிரிக்கெட் ஆடாத பையன் இல்லை என்பதால் ‘ரன் அவுட்’ என்றால் மட்டையாளர் கிரீஸ் கோட்டை எட்டுவதற்குள் விக்கெட்டைத் தகர்ப்பது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசல் பட்டறையில் அதே ஒலிக்கு வேறு பொருள். சுழலும் தண்டு தன் மையத்தை விட்டு எவ்வளவு விலகிச் சுழல்கிறது என்பதே அங்கே ‘ரன் அவுட்’. நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் என்ற கருவியின் முனையைத் தண்டின்மேல் வைத்து, சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால், முள் முன்னும் பின்னும் ஆடும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக்கூட அந்த முள் காட்டிவிடும். “எவ்வளவு ரன் அவுட் வருது?” என்று கேட்டால், இரண்டு பாயிண்ட், மூன்று பாயிண்ட் என்று பதில் வரும். இவற்றோடு, ‘கூலன்ட் ஹேஸ் ரன் அவுட்’ என்று ஷிஃப்ட் குறிப்பேட்டில் யாரேனும் எழுதிவைத்தால், கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒரே பட்டறையில், ஒரே நாளில், மைதானப் பேச்சிலும் அளவைத் தாளிலும் குறிப்பேட்டிலும் மூன்று பொருள்களில் வரும் தொடருக்கு ‘வெளியே ஓடு’ என்று பொருள் எழுதிக்கொள்ளும் பிள்ளைக்கு மூன்றில் ஒன்றும் விளங்காது.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கில மொழியிலேயே மிகப் பல பொருள்கள் கொண்ட வினைச்சொல்லாக இன்று கருதப்படுவது இதுவே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த வினை ‘செட்’. தனி வினையாக மட்டும் அதற்கு 430 பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பின்னர் அந்த அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது 2000இல் ‘மேக்’ அந்த இடத்தைப் பிடித்தது, 2007இல் ‘புட்’ வந்தது, 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் முந்தியது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் உழைத்தார் என்பதைப் படித்தபோது, நாம் அதை ஒரு வரியில் முடித்துவிடுவது எவ்வளவு பெரிய குறை என்று உறைத்தது. 645 பொருள்களையும் பிள்ளைகள் அறிய வேண்டியதில்லை, ஆங்கிலேயரும் அவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு பேசுவதில்லை. ஆனால் அவை எந்த வழியில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பதைக் காட்டிவிட்டால் புதிய தொடரைக் கண்டவுடன் ஊகிக்கும் துணிவு வந்துவிடும்.

அந்த வழி நமக்கு அந்நியமானதும் இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் கால்களால் விரைந்து செல்வதையும் நீர் வழிந்து செல்வதையும் சேர்த்தே குறித்தது. தமிழிலும் மனிதன் ஓடுகிறான், ஆறு ஓடுகிறது. ஓடை என்ற பெயரே அங்கிருந்துதான் வருகிறது. பிறகு இயந்திரங்கள் வந்தன. ஆங்கிலத்தில் கடிகாரமும் ரயிலும் ஆலையும் ‘ரன்’ ஆனபோது, தமிழில் அவை அனைத்தும் ‘ஓடின’. ஆங்கிலேயர் படம் திரையரங்கில் எத்தனை வாரம் ‘ரன்’ ஆனது என்று கேட்பதும், நாம் எத்தனை நாள் ஓடியது என்று கேட்பதும் ஒன்றே. குடும்பத்தை ஓட்டுவது, கடை நன்றாக ஓடுவது, ஒரு கடிதத்தின் மேல் கண்ணை ஓட்டுவது, இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல்லைக்கொண்டே இணை சொல்லிவிடலாம். மின்னோட்டம், நீரோட்டம், ரத்த ஓட்டம், தேரோட்டம் என்று பெயர்ச்சொல்லாகவும் ‘ஓட்டம்’ கிளைத்திருக்கிறது. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘வெள்ளோட்டம்’. புதுத் தேர் செய்து முடித்ததும், திருவிழாவுக்கு முன்பாக ஒருநாள் வீதியில் இழுத்துப் பார்ப்பார்களே, அதுதான் ‘டிரையல் ரன்’. புது இயந்திரம் வந்து இறங்கியதும் “இன்னைக்கு வெள்ளோட்டம்” என்று நான் சொன்னால், அதற்குமேல் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை.

தமிழின் ‘ஓட்டு’ ஆங்கிலம் எட்டாத இடங்களுக்கும் போகிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு ஊக்கம் பிறக்கிறது. நிலத்தை இரண்டு ஓட்டு ஓட்டியாயிற்று என்றால் இரண்டு முறை உழுதாயிற்று என்று பொருள். வியாபாரம் இல்லாதவர் ஈ ஓட்டுகிறார். நண்பனைக் கேலிசெய்வதை இன்றைய பிள்ளைகள் ‘ஓட்டுவது’ என்கிறார்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவருக்கு ‘ஒன்றும் ஓடவில்லை’. இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல ‘ரன்’ உதவாது. தன் மொழியில் ஒரு வினை இத்தனை வேலை செய்வதை நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளை, அடுத்த மொழியிலும் அப்படித்தான் இருக்கும் என்பதை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த வாசலை மூடிவிட்டு ‘ரன், ஓடு’ என்ற இரட்டைச் சொல்லைக் கையில் கொடுக்கிறோம்.

இரு மொழிகளும் பிரியும் இடங்களில்தான் ஆசிரியரின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் காய்ச்சல் ‘ரன்’ ஆகிறது, நம் உடம்பில் அது அடிக்கிறது. அவர்களுக்கு மூக்கு ‘ரன்’ ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துவைத்த சேலையில் சாயம் ‘ரன்’ ஆனால், நாம் சாயம் போயிற்று என்கிறோம். அமெரிக்காவில் தேர்தலில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் அவரே ‘ஸ்டாண்ட்’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழ்நாட்டிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். ஆகவே அமெரிக்கத் தேர்தல் செய்தியைத் தமிழில் தரும்போது ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று சொல்லிவிடக் கூடாது. கைப்பேசிச் செயலிகள் தானாகச் செய்து தரும் மொழிபெயர்ப்புகளில் இதுபோன்ற வரிகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைப் படிவத்தில் ‘இந்த நோய் உங்கள் குடும்பத்தில் ஓடுகிறதா’ என்று அச்சிட்டிருந்ததையும் பார்த்தேன். பரம்பரையாக யாருக்கேனும் இந்த நோய் உண்டா என்று கேட்டிருந்தால், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த மூதாட்டி பக்கத்தில் இருந்தவர்களிடம் அதன் பொருளைக் கேட்டிருக்க வேண்டியிருக்காது.

‘ரன்’ தனியாக வருவதைவிட, பின்னால் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துக்கொண்டு வருவதே அதிகம். ‘இன்டு’ சேர்ந்தால் ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பதும் ஆகும், வண்டி சுவரில் மோதுவதும் ஆகும், சிக்கலில் மாட்டுவதும் ஆகும். ‘ஓவர்’ சேர்ந்தால் வண்டி ஒருவர்மேல் ஏறிவிடும், அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிடும். ‘டவுன்’ சேர்ந்தால் பாட்டரி இறங்கும், ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவதும் அதுவே. ‘அப்’ என்றால் கடன் ஏறும், ‘த்ரூ’ என்றால் ஒருமுறை முழுதாகப் பார்ப்பது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பாடங்களில் இத்தகைய தொடர்வினைகள் இலக்கணப் பயிற்சியாக இடம்பெறுகின்றன என்பதை அறிவேன். கோடிட்ட இடத்தை நிரப்பி ஒரு மதிப்பெண் வாங்கியதோடு அவை முடிந்துவிடுகின்றன என்பதே என் மனக்குறை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு இயந்திரத்தின் கையேட்டில் ஒரு பத்தி ஓடவில்லை என்றால், அந்த எண்பதின் பொருள் என்ன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே நம் தெருக்களைக் கவனித்தால், படிக்காதவர்கள் என்று நாம் நினைப்பவர்கள் இந்தச் சொல்லைப் பட்டதாரிகளைவிடத் துல்லியமாகப் பயன்படுத்துவது தெரியும். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் கடைகளில் சமையல் மேடைக் கல்லைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். அதன் விளிம்பை உருட்டிப் பாலீஷ் போடுவதற்கு மட்டும் ‘ரன்னிங் ஃபீட்’ கணக்கு. அகலத்தைப் பாராமல் நீளத்தை மட்டும் அளப்பதே ரன்னிங் ஃபீட் என்பதை, அங்கே டேப் பிடிக்கும் தொழிலாளி ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுகிறார். நீளமாகத் தொடர்ந்து செல்வது என்ற பொருளில் ‘ரன்’ வரும் என்பதை நான் பிள்ளைகளுக்கு விளக்க எடுத்துக்கொள்ளும் முதல் எடுத்துக்காட்டு இந்தக் கல்தான். வேலியும் சாலையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆவதற்கு அதுவே திறவுகோல். அதேபோல ஒப்பந்தக்காரர்கள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாக வாங்கும் தொகைக்கு ‘ரன்னிங் பில்’ போடுகிறார்கள். தையற்காரர்களுக்கு ‘ரன்னிங் தையல்’, பழைய வண்டி விற்பவர்களுக்கு ‘ரன்னிங் கண்டிஷன்’. பள்ளியில் எழுத்துகளைச் சேர்த்தெழுதுவதை ‘ரன்னிங் லெட்டர்’ என்றுதான் எங்கள் தலைமுறையும் படித்தது. விடாமல் தொடர்வது என்ற ஒரு கருத்து இவை எல்லாவற்றிலும் இழையோடுகிறது. ஓசூரில் புது இரு சக்கர வண்டி வாங்குகிறவரிடம், ‘ரன்னிங் இன்’ முடியும்வரை வேகமாக ஓட்டாதீர்கள் என்று கடையில் சொல்லி அனுப்புவார்கள். இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தை அது குறிக்கும். நாளிதழ்த் துறையினரான தங்களுக்கு, ஓர் இதழ் எத்தனை படி அச்சாகிறது என்பதைக் குறிக்கும் ‘பிரிண்ட் ரன்’ பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சில தொடர்களுக்கு வரலாறு தெரிந்தால்தான் பொருள் நிற்கும். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்கைக் குறித்த தொடர்தான் ‘ரன் ஆஃப் த மில்’. அதனால் சாதாரணமானது, தனிச்சிறப்பு ஏதும் இல்லாதது என்ற பொருள் அதற்கு வந்தது. வங்கி திவாலாகிவிடும் என்ற அச்சத்தில் மக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்கத் திரள்வது ‘பேங்க் ரன்’. வெறிகொண்டு தாக்குவதைச் சொல்லும் ‘ரன் அமாக்’ என்பதில் இரண்டாம் சொல் மலாய் மொழியிலிருந்து போனது. பங்குச் சந்தை தொடர்ந்து ஏறுவது ‘புல் ரன்’. இதைக் ‘காளை ஓட்டம்’ என்று மட்டும் எழுதினால், எருது விடும் விழாவுக்குப் பெயர்போன நம் மாவட்டத்து வாசகர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் வணிகப் பக்கத்தில் எழுதுபவர் எண்ணிப்பார்க்க வேண்டும். வேளாண்மைச் செய்திகளில் வரும் ‘ரன் ஆஃப்’ நிலத்தில் இறங்காமல் வழிந்தோடும் மழைநீர். தேர்தல் செய்திகளில் வரும் ‘ரன் ஆஃப்’ தெளிவான முடிவு கிடைக்காதபோது முன்னணியினருக்கு இடையே நடக்கும் இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் தனி நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். எங்கள் வகுப்பறைகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் கன்னடம் பேசும் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். கன்னடத்தில் வண்டியை நம்மைப் போலவே ‘ஓட்டுகிறார்கள்’. தெலுங்கில் வண்டியை ‘நடத்துகிறார்கள்’, ஓட்டத்துக்கு அங்கே வேறு சொல். ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தமிழ் வழியாகவும், தமிழின் பொருளைத் தாய்மொழி வழியாகவும் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒற்றைச் சொல் பட்டியல் இன்னும் கொஞ்சம் எட்டிப்போகிறது. முழு வாக்கியமாகச் சொன்னால், சூழலே பொருளைச் சொல்லிவிடுவதால், மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். இதை என் பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் காண்கிறேன்.

இந்த மண்ணுக்கு இதில் ஒரு முன்னுரிமையும் உண்டு என்று நான் நம்புகிறேன். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916ஆம் ஆண்டிலேயே அறிவியல் சொற்களை எளிய தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றின் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடிய முயற்சி அது. கலைச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். தேடி வைத்துவிட்டால் முடிந்தது. அன்றாடச் சொல் அப்படி அடங்காது. அதனால்தான் பெரிய பெரிய கலைச்சொற்களை எல்லாம் தெளிவாகச் சொல்லும் பிள்ளைகள், ‘ரன்’, ‘செட்’, ‘புட்’, ‘டேக்’, ‘கெட்’ போன்ற குட்டிச் சொற்களில் இடறுகிறார்கள். கடினமான சொற்களுக்குப் பொருள் எழுதிப் போடும் ஆசிரியர்கள், இந்தச் சொற்கள் எல்லாருக்கும் தெரிந்தவை என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே தங்களிடமும் கல்வித் துறையினரிடமும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாணவர் பக்கத்தில் நாளுக்குப் பத்துச் சொற்கள் என்பதை விட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு அன்றாடச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர்த் தமிழ்ச் சொல்லைத் தருவதோடு நில்லாமல், அது வரும் முழு வாக்கியங்களையும், ஒவ்வொன்றையும் தமிழில் இயல்பாக எப்படிச் சொல்வோம் என்பதையும் அச்சிடுங்கள். அந்த வாக்கியங்களை ஆங்கிலப் பேராசிரியர்களிடம் மட்டும் கேட்க வேண்டாம். செவிலியர், தையற்காரர், மின்பணியாளர், பேருந்து நடத்துநர், மாங்கூழ் ஆலைத் தொழிலாளி ஆகியோரிடம் அவர்கள் தொழிலில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று கேட்டு வாங்குங்கள். அவர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் எந்த அகராதியிலும் இத்தனை உயிரோடு கிடைக்காது. 2022இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் பேச்சு ஆங்கிலமும் திறன் பயிற்சியும் தரப்படுகின்றன. அந்தப் பயிற்சிகளை ஓசூர், போச்சம்பள்ளி போன்ற தொழிற்பகுதிகளுக்கு அருகில் நடத்துகிறவர்கள், சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் பேனல்களிலும் பணிக்குறிப்புகளிலும் உண்மையில் எழுதியிருக்கும் தொடர்களைப் பாடமாக்க வேண்டும். தொழிற்சாலை நிர்வாகங்களும் பொத்தான்களுக்கு அருகில் தமிழ் விளக்கம் ஒட்டும்போது, சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை எழுத வேண்டும். எங்கள் பயிற்சிக் கூடத்தில் ‘டிரை ரன்’ பொத்தானின் கீழே, “ஒத்திகை ஓட்டம். ஜாபைக் கழற்றிய பிறகே அழுத்தவும்” என்று இப்போது எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பள்ளி ஆசிரியர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதையும், பாடத்தை முடிப்பதே பெரும்பாடு என்பதையும் நான் உணர்கிறேன். புதிதாக ஒரு பாடவேளையைக் கேட்கவில்லை. பாடத்தில் ‘ரன்’ வரும் அன்று, கரும்பலகையில் ‘ஓடு’ என்று எழுதுவதற்குப் பதிலாக, “உங்கள் வீட்டில் எதெல்லாம் ஓடுகிறது?” என்று ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். மோட்டார், மிக்ஸி, தறி, கடை, சீரியல் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவற்றுள் எவை ஆங்கிலத்திலும் ‘ரன்’ ஆகும், எவை ஆகா என்று பிரித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகும்.

ஐ.டி.ஐ. தேர்வுகள் முடிந்து புதிய அப்ரண்டிஸ் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் சேரும் காலம் நெருங்குகிறது. அதற்கு முன்பாகவேனும், தங்கள் மாணவர் பக்கத்தில் ‘ரன்’ என்ற சொல்லை மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொண்டு, ‘டிரை ரன்’, ‘டிரையல் ரன்’, ‘ரன் அவுட்’, ‘ரன்னிங் இன்’ ஆகிய தொடர்களை அவை வரும் வாக்கியங்களோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக் கூடத்தில் நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் வாக்கியங்களைத் தங்கள் பார்வைக்காக இத்துடன் இணைத்துள்ளேன். திருத்தி, தேவையானதைச் சேர்த்து, பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தொழிற்பயிற்சியாளர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.